மிம்பரிலிருந்து இறக்கப்பட்டவர்

தம்பிக்கு, ஸலாம்.

நம் பள்ளிவாசலில் இமாமாக இருந்த பாட்டனாரை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பிரசங்க மேடையான மிம்பரிலிருந்து வெள்ளைக்காரக் கலெக்டர் இறக்கினான். அப்போது ஆங்கிலேயர் போரிட்ட துருக்கியின் கலீஃபாவுக்காக இறைவனிடம் துஆ கேட்டதுதான் குற்றம். தொழ வந்திருந்த ஜமாஅத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ தொகுத்த பள்ளிவாசல் நூற்றாண்டு மலரோ, அவர் உடல்நலக் குறைவால் விலகியதாகச் சொல்கிறது.

"பழைய கதை எதுக்கு காக்கா? இப்ப நிலைமை சரியில்ல" என்றாய். அன்று போனை வைத்தவன் இப்போதுதான் எழுதுகிறேன்.

போன வெள்ளி, மகன் குடியேறிய இந்த வெளிநாட்டில், மெரிலேண்ட்ஸ் பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும், போரை நிறுத்தச் சொல்லும் மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவை வாங்கிவிட்டேன். "வாப்பா, நீங்க இங்கயே தங்குறதுக்கான விசா இன்னும் வரல. பேசாம வாங்க" என்றான் மகன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். என்னை எந்தக் கலெக்டரும் மிரட்டவில்லை.

அந்த ஜமாஅத்தை அறுபது வருடமாகத் திட்டி வந்தவன் நான்.

ஆனாலும் நீ எழுதியது பொய்தான். அதைத் திருத்தி அச்சிட வேண்டியவன் நீ. ஜும்ஆவில் வாசித்துக் காட்ட வேண்டியவர் இமாம். பயந்து நின்றவர்களைப் பற்றியும் அதில் வர வேண்டும்; அந்தப் பகுதியை நான் எழுதி அனுப்புகிறேன். மனு இந்த வெள்ளியும் வருமாம். மகன் பார்த்துக்கொண்டிருக்க, அதில் கையெழுத்துப் போட வேண்டியவனும் நான்தான்.

உன் காக்கா