ஃப்ரீசர் மூடியில் என் நம்பர்

வெள்ளிக்கிழமை, இரவு.

சமுதாயக் கல்லூரியில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் படிப்பு அடுத்த மாதம் முடிகிறது. மஸ்கட்டில் இருக்கும் மாமா, "சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற வேலை. எப்ப வாற ஏட்டி?" என்று தினமும் போன் பண்ணுகிறார். யோசிக்கிறேன் என்று இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்று ராஜாக்கமங்கலத்தில் மீன் விற்கிற மேரியக்காவின் ஃப்ரீசர் ஓடவில்லை என்று கல்லூரியிலிருந்து என்னை அனுப்பினார்கள். டூல் பையோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்ததும், "மெக்கானிக் வரலியா மக்கா?" என்றாள்.

"நான்தான்க்கா."

கம்ப்ரஸரைக் கிளப்பும் ரிலே கருகியிருந்தது. மாற்றினேன். பெட்டி உறுமத் தொடங்கியதும், "இனி ஒன்னையேதான் கூப்பிடுவேன்" என்றாள். மெக்கானிக்குகள் நம்பரோடு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். என்னிடம் ஏது? மார்க்கரால் மூடியிலேயே பெயரும் நம்பரும் பெரிதாக எழுதிவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. மஸ்கட் போனால் அந்த நம்பரில் நான் கிடைக்க மாட்டேன்.

மாமாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மேரியக்காவுக்கு மூடியிலேயே எழுதிச் சொல்லியாச்சு.