திறக்காத படம்

வெர்லின்,

ஓவனில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்ட ஹாட்டிஷ் இருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடு. நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

நம் பையன் ட்ராய், உறைந்த ஏரியில் மூழ்கிய அன்று உனக்கு அனுப்பிய மெயிலில் ஒரு படம் திறக்கவில்லையே, கெட்டுப்போனது என்று அழிக்கச் சொன்னாயே. நூலகத்துப் பெண்ணிடம் காட்டினேன். "இது படமே இல்லம்மா, குரல் பதிவு. ஃபைல் பேருல கடைசி மூணு எழுத்து தப்பு" என்றாள். மாற்றினாள், திறந்தது.

"அப்பா, கோவத்த விடுங்க. ஐஸ் மெலிசா இருக்கு, என்னைத் தேடி வராதீங்க" என்கிறான்.

ஏன் அவனோடு போகவில்லை என்று இரண்டு குளிர்காலமாக உன்னைக் குத்தினேன். இனி கேட்கமாட்டேன்.

ஆர்லிஸ்

பி.கு: பதிவைக் கேட்டால், "வராதீங்க" என்றதும் நிறுத்திவிடு. அதன்பிறகு அவன் நடக்கிறான், காலடியில் ஐஸ் முனகுகிறது. நான் நிறுத்தவில்லை.