பாலத்தடியில் ஒன்பது நிமிடம்

என் எதிர்வரிசைக்காரிக்கு,

நீ எழுந்து இதைப் படிக்கும்போது நான் பஸ்ஸோடு பாதி ஊரைத் தாண்டியிருப்பேன். நீ வேலை முடிந்து திரும்பும்போது குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஊர் வளர்ந்த வேகத்துக்குச் சாலை வளரவில்லை என்று எல்லோரும் திட்டுகிறார்கள். நானும் வாய்க்குத் திட்டுவேன். ஆனால் அந்தக் கட்டி முடியாத பாலத்தடியில்தானே தினமும் மதியம் என் பஸ்ஸும் உன்னை வேலைக்கு ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வேனும் எதிரெதிரே ஒன்பது நிமிடம் மாட்டிக்கொள்கின்றன! நீ உரித்த ஆரஞ்சை ஜன்னல் வழியே நீட்டுவாய். நேற்றுகூட நம் கண்டக்டர் தம்பி, "அண்ணே, நீங்க குடும்பம் நடத்துறதே இந்த நெரிசல்லதான்" என்று சிரித்தான்.

நாளை பாலம் திறக்கிறார்கள். அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பயணிகள் கைதட்டினார்கள். என் கை ஸ்டியரிங்கில் இருந்தது என்று வைத்துக்கொள்.

உன் வேன் மேலே பறந்துவிடும். என் நிறுத்தம் கீழே. ஆளுக்கு ஒன்பது நிமிடம் மிச்சமாம்.

நேற்று டிப்போவில் மதிய ஷிஃப்டுக்கு மாற்றித் தரக் கேட்டேன்; கிடைத்துவிட்டது. இனிக் காலையில் வீட்டில் இருப்பேன். "இத்தனை வருஷம் வேணாம்னீங்களே, இப்ப என்ன?" என்றார் மேலாளர்.

"பாலம் திறக்கிறாங்க சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஆரஞ்சை உரிக்காமல் வை. நானே உரிக்கிறேன்.

உன் டிரைவர்