"ஊர்" என்ற சொல்லின் கீழே சிவப்புக் கோடு

17 ஜனவரி 1976, சனி

காலையிலிருந்து வாடைக்காற்று. மூக்கு ஒழுகல். துணி காயவில்லை. குடியரசு தினக் கட்டுரைப் போட்டித் தாள்கள் வந்தாயிற்று. தலைப்பு: "நல்ல குடிமகன் எடுக்க வேண்டிய முடிவு". திருத்த இரண்டு பேர். புலவர் நடேசன் ஐயா தலைமை, நான் துணை. எத்தனை வருடம் ஆனாலும் நான் துணைதான்.

முதல் பரிசு வாங்கும் பெண் கொடியேற்றம் முடிந்ததும் தன் கட்டுரையை மேடையில் படிக்க வேண்டும். பெற்றோர், பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் அழைப்பு.

இதுவரை படித்ததில்:
– ரோட்டில் வாழைப்பழத்தோல் கிடந்தால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். (பாதிக் கட்டு இதுதான். காரைக்காலில் குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறது என்று ஒருத்தியும் எழுதவில்லை.)
– "குடிமகன் குடிக்கக் கூடாது." சாராயக்கடைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதற்கு அப்படித்தானே தோன்றும்! அரை மார்க் கூடப் போட்டேன்.
– எமர்ஜென்சியைப் புகழ்ந்து இரண்டு பக்கம். ரேடியோவில் கேட்டது அப்படியே.

மத்தியானம் சங்கரா மீன் குழம்பு. உப்பு தூக்கல். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதற்கே எனக்குக் கோபம்.

19, திங்கள்

புலவர் திருத்திய தாள்கள் என்னிடம் வந்தன. பத்தாம் வகுப்பு வசந்தாவின் தாள். நூற்றுக்கு முப்பத்தைந்து!

கடலோரத்துப் பிள்ளை. ஊர்ப் பெயரை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன். அங்கே ஒரு குடும்பம் மீனை ஊர் ஏலத்தில் விடாமல் வெளி வியாபாரிக்கு நேராக விற்றுவிட்டது. தள்ளி வைத்துவிட்டார்கள். யாரும் அன்னந்தண்ணி புழங்கக் கூடாது. அந்த வீட்டில் கைக்குழந்தை. வசந்தாவும் அவள் அம்மாவும் இருட்டியதும் அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். இதைத்தான் எழுதியிருக்கிறாள். வாழைப்பழத்தோல் இல்லை.

அவள் வாக்கியம்: "எங்கள் ஊரில் நான் ஊர் இல்லை. அம்மாவும் ஊர் இல்லை. ஆகையால் ஊர் எடுத்த முடிவு நான் எடுத்த முடிவு இல்லை. என் முடிவை நான் எடுத்தேன்."

"ஊர் இல்லை" என்பதன் கீழே தடிமனாகச் சிவப்புக் கோடு. ஓரத்தில் "பொருட்குழப்பம்".

ஓய்வறையில் கேட்டேவிட்டேன்.

"ஐயா, இதுல குழப்பம் இல்லீங்க. அந்தப் பக்கம் ஊருன்னா வீடு, தெரு இல்லீங்க. ஆம்பளைங்க கூடி உக்காந்து தீர்ப்பு சொல்ற கூட்டம். 'ஊர் கூடுது', 'ஊர் சொல்லிடுச்சு'ம்பாங்க. பொம்பளைக்கு அதுல எடம் கெடையாது. அதைத்தான் எழுதியிருக்கு."

"அகராதியில அப்படி இல்லீங்களே டீச்சர்."

"அகராதி எழுதினவரு மீன் வாங்கக்கூட அந்தப் பக்கம் போயிருக்க மாட்டாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சரி, பொருள் இருக்குன்னே வெச்சுக்குங்க. பெரியவங்க கட்டுப்பாட்டை மீறினேன்னு ஒரு பொண்ணு எழுதுது. அதுக்கு முதல் பரிசா? இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துலதாங்க."

தொண்ணூறு போட்டேன். பச்சை மையில். இனி எச்.எம். அம்மா பாடு.

20, செவ்வாய்

எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். சத்தம் போடுவார் என்று வரிந்து கட்டிக்கொண்டு போனேன். டீ வரவழைத்தார்.

"ரோஸ்லின், ரெண்டாம் பரிசு குடுத்துடுவோம். ரெண்டாம் பரிசை மேடையில படிக்க வேண்டியதில்ல. நீங்க பாட்டுக்கு மார்க்கைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. அந்தப் பொண்ணு எங்க போகும்? அவங்க ஊரு ஆளுங்க முன்வரிசையில உக்காந்திருப்பாங்க."

இது எனக்கு உறைக்கவே இல்லையே! புலவரை ஜெயிக்கிற வேகத்தில், அடி அவள் முதுகில் விழும் என்று நினைக்கவில்லை. அவள் குடும்பத்தையும் தள்ளி வைத்தால்?

வீட்டில் இவர்: "உனக்கு ஏன் இந்த வம்பு? மார்க்கைப் போட்டோமா, வந்தோமான்னு இரு."

"மார்க்குப் போடுறதே வம்புதாங்க."

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் நாளெல்லாம் முத்திரை குத்துகிறவருக்கு இது எங்கே புரியும். பாவம், எனக்காகத்தான் சொல்கிறார். தைலம் தீர்ந்துவிட்டது.

22, வியாழன்

பள்ளி விட்டதும் பஸ் பிடித்துப் போனேன். இறங்கி மணலில் நடை. செருப்பு வார் அறுந்தது. வசந்தாவின் அம்மா மீன் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா வலை பக்கத்தில். எல்லாவற்றையும் சொன்னேன்: முதல் பரிசு என்றால் மேடையில் படிக்க வேண்டும். வேண்டாமென்றால் இரண்டாவது. முடிவு உங்களுடையது.

வசந்தா: "தண்ணி குடுக்குறது எல்லாருக்கும் தெரியும் டீச்சர். தெரியாத மாதிரி இருக்காங்க. மேடையில படிச்சா அப்புறம் அப்படி இருக்க முடியாது."

அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் கூட்டத்துல உக்காந்து தலையாட்டுன ஆளுங்க டீச்சர். தண்ணி நான் ஊத்துல. இதுங்க ஊத்துறதைத் தடுக்கவும் இல்ல."

அம்மாவுக்கு அதைக் கேட்டதும் வந்ததே கோபம்! "பெருமையாச் சொல்லிக்க! இருட்டுல எத்தினி நாளைக்கு ஊத்துறது? நாம என்ன திருடவா போறோம்? எம் பொண்ணு படிக்கட்டுங்க டீச்சர்."

வசந்தா என்னையே பார்த்தாள். "என் கட்டுரை ரெண்டாவதுதானா டீச்சர்?"

"இல்ல."

"அப்புறம் ஏன் கேக்குறீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வரும்போது அம்மா வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் பையில் நெத்திலிக் கருவாடு போட்டுவிட்டாள். பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து வேறு இடம் போனார்.

23, வெள்ளி

மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எச்.எம். ஒரு பேரம் பேசினார்: அந்த "ஊர் இல்லை" வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடலாம், மற்றதைப் படிக்கட்டும்.

"ஒரு சொல்லை வெட்டினாலும் என் கையெழுத்தையும் சேர்த்து வெட்டிடுங்க."

பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வர்றது வரட்டும்ங்கிறீங்க?"

"வரட்டுங்க."

அவரும் போட்டார் கையெழுத்து! நான் வெளியே வந்து குழாயடியில் நின்றேன். முகம் கழுவினேன். போட்டது போட்டதுதான்.

26, திங்கள்

நல்ல வெயில். கொடி முதலில் சிக்கிக்கொண்டது, வழக்கம்போல.

வசந்தா படித்தாள். தாளைப் பார்க்கவே இல்லை. முன்வரிசையில் அவள் ஊர் ஆட்கள், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. "எங்கள் ஊரில் நான் ஊர் இல்லை" என்றபோது ஒருவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே. அவள் நிறுத்தினாள். நாற்காலிச் சத்தம் அடங்கும்வரை நின்று, அந்த வாக்கியத்தையே முதலிலிருந்து மறுபடி படித்தாள். அடிப் பெண்ணே!

வரிசையே காலி. அவள் அப்பா ஒருவர் மட்டும், முழங்காலைக் கையால் பிடித்தபடி, எழுந்திருக்கவில்லை.

பக்கத்தில் புலவர்: "வாக்கியம் பிழைதான். நான் மாத்திக்க மாட்டேன்." பிறகு, "நல்லாப் படிக்குது."

மிட்டாய் மிஞ்சிவிட்டது.

28, புதன்

முதல் மணிக்கு முன்பே வசந்தா ஓய்வறை வாசலில்.

"சாயங்காலம் ஊர் கூடுது டீச்சர். அப்பாவைக் கூப்பிடல. என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

இதுவரை எந்தப் பொம்பளையையும் அங்கே பேசக் கூப்பிட்டதில்லையாம். அபராதமோ, தள்ளி வைப்பதோ, என்னவென்று தெரியாது. நேற்றுச் செய்தி வந்ததும் அவள் அம்மா குடத்தை எடுத்து, பட்டப்பகலில், கூட்டம் கூடும் இடத்து வழியாகவே நடந்துபோய் அந்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாளாம்.

"பயமா இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"நானும் வர்றேன்."

"உங்களை உள்ள விட மாட்டாங்க."

"வெளிய நிக்கிறேன். வெளிய நிக்க யாரைக் கேக்கணும்?"

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. எச்.எம்., "நான் உங்களை அங்க போகச் சொல்லல" என்றார். "நீங்க சொல்லலீங்க" என்றேன். வீட்டில் இவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. வந்து திட்டிக்கொள்ளட்டும்.

பஸ்ஸுக்கு நிற்கிறோம். மடியில் வைத்து எழுதுகிறேன், கோணல்மாணல். வசந்தா தாவணி நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அங்க எப்படி டீச்சர் ஆரம்பிக்கிறது? 'பெரியோர்களே'ன்னா?"

உன் பேரைச் சொல்லி ஆரம்பி என்றேன். பஸ் வந்துவிட்டது.