சுத்தமான கரும்பலகையைத் துடைத்தவளுக்கு

ஜன்னலோர சீட்டை ஒரு நாளும் எனக்கு விட்டுக்கொடுக்காத என் தேவகி அக்காவுக்கு,

இப்போது அந்த சீட்டில் நான்தான் உட்கார்ந்து வருகிறேன். வாலாஜாபாத்தில் ஏறி உத்திரமேரூரில் இறங்கும்வரை, பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் கோபம் வருகிறது. ஸ்டாஃப் ரூமில் நீ எனக்கு 'மேடம், நீங்கள்'. பஸ் ஏறிவிட்டால் 'அக்கா, நீ'. இந்தக் கடிதத்தை நான் பஸ்ஸில் எழுதுவதாகவே வைத்துக்கொள்.

பஸ் கொஞ்சம் தாமதமானால் போதும், டீக்கடைக்காரர் வரை எல்லோரையும் ஒரு பிடி பிடிப்பாய். கடைசியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கூடக் காத்திருக்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு வகுப்பில் மட்டும் அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது?

என் கெமிஸ்ட்ரி லேபுக்கு அடுத்த அறைதான் உன் பிளஸ் ஒன் கணக்கு வகுப்பு. கேள்வி கேட்பாய், ஒரு பிள்ளையை எழுப்புவாய், பிறகு சத்தமே இருக்காது. எட்டிப் பார்த்தால் முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருக்கிற கரும்பலகையையே துடைத்துக்கொண்டிருப்பாய். "இன்னாக்கா, போர்டு தேஞ்சிடப் போவுது" என்று கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு நாள் பஸ்ஸில் அதற்குப் பதில் சொன்னாய். "நம்ம வாயில வர்ற அந்த 'நெக்ஸ்ட்'ட கவனிச்சிப் பாரு மல்லிகா. நெலம் நீச்சு இருக்கிற வூட்டுப் பொண்ணு முழிச்சா, யோசிச்சிப் பாரும்மான்னு அடி எடுத்துக் குடுக்கறோம். கூலிக்குப் போறவங்க பொண்ணு முழிச்சா, உக்காரு, நெக்ஸ்ட். அதுக்கு வராதுன்னு நாம முடிவு பண்ணிட்றோம். கொஞ்ச நாள்ல அதுவும் அப்டியே முடிவு பண்ணிக்குது." ஏன் திரும்பிக்கொள்கிறாய் என்று கேட்டேன். "மூஞ்சியவே பாத்துக்கினு நின்னா யாருக்குத்தான் கணக்கு வரும்?" என்றாய். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை அக்கா. உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கோமதியைப் பற்றித்தான். திருப்புலிவனத்தில் நடவுக்குப் போகும் அஞ்சலையின் மகளுக்குக் கணக்கு குரூப் எதற்கு என்று எல்லோரும் கேட்டபோது, "நான் பாத்துக்கறேன்" என்று சேர்த்துவிட்டாயே, அவள்தான். சேர்த்து, சில மாதம் பாடம் நடத்திவிட்டு நீ போய்விட்டாய்.

உன் இடத்துக்குப் புது சார் வந்திருக்கிறார். நல்ல மனிதர், கணக்கில் கெட்டிக்காரர். போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் அவர் வாயிலும் அந்த நெக்ஸ்ட் வந்து உட்கார்ந்துகொண்டது. கோமதி எழுவாள், முழிப்பாள், உட்காருவாள். கொஞ்ச நாளில் அவள் முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

போன வாரம் அஞ்சலை லேப் வாசலில் வந்து நின்றாள். "அதுக்குக் கணக்கு ஏறலியாம் மேடம். அதுவே சொல்லுது. வாலாஜாபாத்ல ஜவுளிக் கடைக்கு ஆள் கேட்டுக்கினு கீறாங்க, அனுப்பிட்றேன். நீங்க இன்னா சொல்றீங்க?" கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அன்று இரண்டு பீரியடும் எனக்குப் பாடம் ஓடவில்லை.

இந்தத் திங்கட்கிழமை பக்கத்து அறையில் சார் சைன் நூற்றைம்பது டிகிரி என்ன என்று கேட்டார். கோமதியை எழுப்பினார். பதில் இல்லை. "உக்காரு. நெக்ஸ்ட்."

அடுத்தது ஹரிணி. அஞ்சலை நடவு நடுவது அவள் அப்பாவின் நிலத்தில்தான். "எனக்குத் தெரியும் சார். ஆனா கோமதி யோசிச்சிக்கினு கீறா. அவளே சொல்லட்டும்" என்றாள். அவளுக்கு அடுத்தவளும் எழுந்து அதையே சொன்னாள்.

"இன்னா, எல்லாரும் பேசி வெச்சிக்கினு வந்தீங்களா?" சாருக்குக் குரல் ஏறிவிட்டது.

"இல்ல சார். தேவகி மேடம் வெயிட் பண்ணுவாங்க. பதில் வர்ற வரைக்கும் போர்டு தொடச்சிக்கினு இருப்பாங்க" என்றாள் ஹரிணி.

நான் கையிலிருந்த பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டேன். சார் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் டஸ்டர் உரசுகிற சத்தம் கேட்டது.

"மைனஸ் அரை சார்" என்றாள் கோமதி. டஸ்டர் நிற்கவில்லை. "இல்ல சார், ரெண்டாவது கால்பகுதில வருது. அப்ப பிளஸ். அரைதான் சார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா, மறைப்பானேன். மதியம் சாப்பிடும்போது சார் கூச்சத்தோடு சொன்னார்: "போர்டுல ஒண்ணுமே இல்ல மேடம். இருந்தாலும் தொடச்சேன்." அந்தப் பிள்ளைகளுக்கு நீ கணக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே.

அஞ்சலை இன்னும் முழுசாக மனம் மாறவில்லை. "பரீட்ச வரைக்கும் பாக்கறேன் மேடம்" என்கிறாள். அதற்குப் பிறகு என்ன ஆகும்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். கோமதி பிளஸ் டூ முடிக்கும்வரை அந்த ஜவுளிக் கடைக்காரர் காத்திருக்கட்டும், அஞ்சலையிடம் பேசுவது என் பொறுப்பு. என் வகுப்பிலும் யாராவது எழுந்து முழித்தால் நான் திரும்பிக்கொள்வேன். போர்டு தேய்ந்தால் தேயட்டும்.

உன் சீட்டில் உட்கார்ந்து வரும்
உன் தங்கை,
மல்லிகா