ஒரு பிடி ரவையும் ஒரு வீடியோ கேசட்டும்

அப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகாக இருக்கட்டும் என்று ஒன்றையும் சேர்க்க மாட்டேன். எழுதக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒன்றையும் விடவும் மாட்டேன்.

இன்று காலை என் டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தேன். மூடியின் ஓரத்தில் நனைத்த ரவை காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் பட்டதும் லேசான புளிப்போடு அந்த வாசனை எழுந்தது. அம்மா உப்புமா கிண்டும்போது வருவது வேறு வாசனை. இது உங்கள் மிருதங்கத்தின் வாசனை. வாசிக்க உட்காரும் முன் நனைத்த ரவையைப் பிசைந்து இடது பக்கத் தோலில், அந்தத் தொப்பியில், அப்புவீர்கள். அப்பினால்தான் அந்தப் பக்கம் 'தொம்' என்று அடிவயிற்றிலிருந்து பேசும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துக் காக்கைக்கு வைப்பீர்கள். குழாயடியில் டிபன் பாக்ஸோடு நின்றபோது, போன கோடை விடுமுறையின் அந்த ஒரு சாயங்காலம் முழுதாகத் திரும்பி வந்துவிட்டது.

அப்போது நீங்களும் அண்ணனும் பேசிக்கொள்ளாமல் பல நாட்கள் ஆகியிருந்தன. மெல்லிசைக் குழுவில் வயலின் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று அண்ணன் சொன்ன அன்று, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "கச்சேரிக்குன்னு பழக்குன கைய டிரம்ஸுக்குப் பின்பாட்டு வாசிக்க விடமாட்டேன்" என்றீர்கள். அதோடு சரி. பகலில் பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடும் உங்கள் விரல்கள் மாலையில் மிருதங்கத்தைத் தொடவே இல்லை. வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு மாமாவின் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேசட் கொண்டு வந்திருந்தார். வாய்ப்பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும். நம் கல்யாணி ராகக் கீர்த்தனை ஒன்றை வயலினில் ஒருவர் வாசிக்க, கிடாரும் கீபோர்டும் டிரம்ஸும் உடன் வரும். அந்த வாரம் தெருவே சேர்ந்து மாமா வீட்டில் பக்திப் படம் பார்க்க வீடியோ டெக் வாடகைக்கு எடுத்திருந்தது. படத்துக்கு முன்னால் அந்தக் கேசட்டைப் போட மாமா ஒத்துக்கொண்டார்.

"நீ படத்தப் பாக்காத, அப்பா மொகத்தப் பாரு" என்று அண்ணன் என்னைக் கொல்லைப்புறத்தில் நிறுத்திச் சொன்னான். "பாதியில எந்திரிச்சுட்டார்னா எனக்குச் சாடை காட்டு. நான் அப்படியே டேசனுக்குப் போறேன். மெட்ராசுல ஒருத்தன் வரச் சொல்லியிருக்கான்."

"அம்மாட்ட?"

"நீதான் சொல்லணும்."

துணிப்பை மாமா வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தது. வயலின் பெட்டியும் அதோடு இருந்தது. நான் பார்த்தேன்.

நீங்கள் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்தீர்கள். நான் உங்கள் வலப்பக்கம், சற்று முன்னால், திரும்பினால் முகம் தெரிகிற இடத்தில். அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். படம் பளிச்சென்று தெரிய மாமா வீட்டு விளக்கை அணைத்தார்.

முதலில் கடல் வந்தது. கறுப்பு வெள்ளை டி.வி. பெட்டி என்பதால் சாம்பல் நிறக் கடல். தோள்வரை முடி வளர்த்த ஒருவர் பூட்ஸ் காலோடு மணலில் நடந்து வந்தார், கையில் வயலின். உங்கள் தாடை இறுகியது.

"பூட்ஸு காலோடயா வாசிக்கப் போறான்?" என்று முணுமுணுத்தீர்கள். ஒரு கையைத் தரையில் ஊன்றினீர்கள். எழுந்திருக்கத்தான். நான் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் போயிருப்பான்.

அடுத்த காட்சியில் அந்தப் பூட்ஸ் இரண்டும் மணலில் தனியாகக் கிடந்தன. அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வயலினின் சுருள் முனை அவருடைய வெறும் குதிகாலில் பதிந்திருந்தது, அண்ணன் வைப்பது போலவே. உங்கள் கை தரையிலிருந்து மெல்ல மடிக்குத் திரும்பியது.

ராகத்தை அவர் அவசரமில்லாமல் விரித்தார். விரல் கம்பியில் சறுக்கி நிற்கும் இடம் பெரிதாகக் காட்டப்பட்டது. கிடார்க்காரர் ஒரே கம்பியைத் தம்புரா போலத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது டிரம்ஸ்காரர்தான். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தன் முறை வரும்வரை அசையாமல் இருந்தார். இவ்வளவு பெரிய வாத்தியத்தை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிச் சும்மா இருக்க முடியுமா என்று அன்று நினைத்தேன்.

பின்வரிசைக்குப் பொறுமை போய்விட்டது. "ஏப்பா, வாயே தொறக்காம வாசிச்சுக்கிட்டே இருக்காய்ங்க? பாட ஆளு கெடைக்கலையா?" என்றார் முட்டைக்கடை அண்ணாச்சி.

"சாமி படத்தப் போடுங்கய்யா, தேங்கா பழத்தோட வந்திருக்கேன்" என்று ஒரு அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாமா டெக்கின் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"செத்த நேரம் இருங்க" என்றீர்கள்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் மாமாவின் கை நின்றுவிட்டது. உங்கள் முகத்தில் கோபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. அண்ணன் பார்க்கச் சொன்ன முகத்தில் எழுத்தே இல்லாத பக்கம் போல எதுவும் தெரியவில்லை. அதனால் நான் கண்ணைக் கீழே இறக்கினேன். பெட்டியின் வெளிச்சத்தில் உங்கள் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். அது உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

டிரம்ஸ் சேர்ந்தது. கீர்த்தனை வேகம் பிடித்தது. முடிவில் டிரம்ஸ்காரர் நம் முறைப்படியே ஒரு தீர்மானம் வைத்தார். ஒரே சொற்கட்டு மூன்று முறை வரவேண்டும். மூன்றாவது முடிகிற இடத்தில் தாளத்தின் முதல் தட்டு விழவேண்டும். சற்று முன்னால் விழுந்தாலும் பின்னால் விழுந்தாலும் வாசித்தது முழுக்க வீண். "எப்படி வேணாலும் சுத்து. எடத்துக்கு வந்து சேரு" என்று அண்ணனிடம் நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்!

ததிங்கிணதொம். உங்கள் கை உயர்ந்தது. ததிங்கிணதொம்.

கரண்ட் போய்விட்டது.

பெட்டி கறுத்தது. டெக் 'டொக்' என்று நின்றது. ஒருவரும் 'அடச்சே' என்றுகூடச் சொல்வதற்குள், அந்த இருட்டில் உங்கள் குரல் எழுந்தது.

"ததிங்கிண தொம்!"

தொடையில் அறை விழுந்தது. சரியாக அந்த இடத்தில்.

"யாருய்யா அது, கரண்டு இல்லாமலே ஓடுறது?" என்றார் அண்ணாச்சி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. நீங்கள் சிரித்தீர்களா என்று எனக்குத் தெரியாது. இருட்டாக இருந்தது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதக் கூடாது.

"ஏலே, அங்கிட்டு நிக்கிறியா?" என்று கேட்டீர்கள். அத்தனை நாளுக்குப் பிறகு அவனிடம் நீங்கள் பேசிய முதல் சொற்கள்.

வாசல் பக்கமிருந்து பதில் வரத் தாமதமானது. போய்விட்டானோ என்று இருட்டில் அந்தப் பக்கம் திரும்பினேன்.

"நிக்கிறேன்ப்பா."

"அவன் சரியா வந்திருப்பானா?"

"வந்துருவான்ப்பா. டெக் கடையில ஒருக்கா போட்டுப் பாத்தேன்."

"ம். கை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்த வாத்தியத்துக்குத் தொப்பிப் பக்கம் இல்ல, பாவம். எம்புட்டு அடிச்சாலும் 'தொம்' வராது." பிறகு கேட்டீர்கள்: "ஒங்க குழுவுல மிருதங்கம் யாரு?"

"யாருமில்லப்பா."

யாரோ தீக்குச்சி உரசினார்கள். அந்த வெளிச்சத்தில் நீங்கள் என் பக்கம் திரும்பியிருந்தீர்கள்.

"ஆத்தா, வீட்டுக்குப் போயி ஒரு பிடி ரவைய நனைச்சு வையி."

நான் ஓடினேன். ஓடும்போது கதவுக்குப் பின்னாலிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு போய் நம் வீட்டுக் கொடியில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஒத்திகை நடந்ததும், டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்கு ஆதி தாளத்தை நீங்கள் திட்டித் திட்டிப் புரியவைத்ததும், மாசித் திருவிழா மேடையில் அண்ணன் பக்கத்தில் உட்காருவதாகச் சொன்னதும் உங்களுக்கே தெரியும். ஐப்பசி மழையில் பட்டறையிலிருந்து உங்கள் உடலை ரிக்‌ஷாவில் கொண்டு வந்தபோது, உங்கள் விரல் நகத்தில் இரும்புத் தூள் இருந்தது. அம்மா அதைத் துடைக்கவே விடவில்லை.

நேற்றுதான் திருவிழா. அண்ணன் வரமாட்டேன் என்றான். மதியம்வரை வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. அம்மாதான் அவன் முன்னால் போய் நின்று, "அவரு எடத்துக்கு வந்து சேரச் சொன்னாரா, பாதியில நிக்கச் சொன்னாரா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

வத்தலக்குண்டிலிருந்து ஒருவரை மிருதங்கத்துக்கு வரவழைத்திருந்தார்கள். மேடையில் உட்கார்ந்து கட்டையைத் தட்டிப் பார்த்தவர், "ரவை கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். மெல்லிசைக் குழுவில் யாருக்கும் அது தோன்றவில்லை. மைக்குக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் வயருக்கும் ஆள் போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் முன்வரிசையிலிருந்து எழுந்து போய் டிபன் பாக்ஸை நீட்டினேன். மத்தியானமே நனைத்து வைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நீங்கள் எப்போதோ சொல்லிவிட்டீர்கள்.

அவர் அப்பிவிட்டு ஒரு முறை தட்டினார். 'தொம்.' அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். சம்மணமிட்டு, வயலினின் முனையைக் குதிகாலில் பதித்தான். கீழே என்னைத் தேடினான். இந்த முறை அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். நான் வலது கையைத் தொடையில் வைத்து, முதல் தட்டுக்குத் தயாராக உயர்த்தினேன்.

கூட்டத்தின் மேலிருந்த விளக்குகளை அணைத்தார்கள்.