பில் போடாத டப்பா

ராயபுரம்,
9 ஜூன் 2024

என் தங்கம் ஷெர்லினுக்கு,

அக்கா பெனிஷா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று பஞ்சாபிலிருந்து செல்வநாதன் சாருக்குப் போன் வந்ததாம். ஜிம்மைப் பூட்டிவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்து சொன்னார். கேம்ப்பில் பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துவிடுவார்களாமே, அப்படி என்னடி கண்டிப்பு? சரி, பத்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும் என்று பேனாவை எடுத்துவிட்டேன். நீயும் எழுது. ரெண்டு வரி கிறுக்கிவிட்டு 'மற்றவை நேரில்' என்று முடித்தால் பொல்லாத கோபம் வரும்.

அம்மா போனபிறகு இந்த அறையில் நான் தனியாகப் படுத்ததே இல்லை. உன் குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகையில் எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். "இன்னா பெனிஷா, உன் தங்கச்சி இந்தியாவுக்கே வெயிட்டு தூக்கப் போறாளாமே!" நான் ஒன்றும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு உரித்த இறாலில் பாதிக்கு வாலையும் சேர்த்துப் பிய்த்துவிட்டேன், மேஸ்திரி திட்டினார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் நேஷனல்ஸில் ஒரு மெடல் வாங்கிவிட்டால் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கிடைத்துவிடும் என்கிறார் சார். அதை நினைத்துப் பதறாதே. நீ தூக்கு, போதும்.

சாப்பாடு எப்படி? சப்பாத்தி வயிற்றில் நிற்கிறதா? மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
பெனிஷா


பஞ்சாப்,
24 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன். இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெயில்தான் நம்ம ஊரை விட மோசம். கடல் காத்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

நீ மறைக்காதேன்னு எழுதினதால சொல்றேன். சாப்பாட்டுல எனக்குப் புரோட்டீன் பத்தலையாம். பருப்பு தண்ணி மாதிரி இருக்கு. முட்டை ரெண்டுதான். மத்த பொண்ணுங்க எல்லாம் வே புரோட்டீன் டப்பா வச்சிருக்காங்க. பாலைத் திரிச்சா மேல நிக்கற தண்ணி இருக்கில்ல, அதுல இருந்து எடுக்கற பவுடர். ட்ரெயினிங் முடிஞ்சதும் தண்ணில கலக்கிக் குடிக்கறாங்க. கோச் என்னையும் வாங்கச் சொல்றார்.

எதை வாங்கணும்னு ரூம்ல இருக்கற மணிப்பூர் பொண்ணு சொல்லித் தந்தா. டப்பா முன்னாடி இருக்கற தசைப் படத்தைப் பார்க்கவே கூடாதாம். பின்னாடி பார்க்கணும். முப்பது கிராம் ஸ்கூப்ல இருபத்திநாலு கிராமாவது புரோட்டீன் இருக்கணும். பதினஞ்சுன்னு போட்டிருந்தா மீதி எல்லாம் சர்க்கரையும் மாவும்தான். சேர்த்திருக்கறதுல முதல் பேரே வேயா இருக்கணும். 'மாஸ் கெயினர்'னு போட்டதைத் தொடாதே. ஐசோலேட்னு ஒண்ணு ரொம்ப விலை, அது தேவையில்ல, சாதாரண கான்சன்ட்ரேட் போதும். முக்கியமா, தடை பண்ணின மருந்து எதுவும் கலக்கலன்னு சோதிச்ச முத்திரை இருக்கணும். விளையாடறவங்களுக்கு அது இல்லாம கூடாது. அந்த முத்திரைக்குத்தான் விலை ஏறுது.

அவ்ளோ விலைன்னா விட்டுடுக்கா. நான் கொண்டைக்கடலை ஊறவச்சுத் தின்னுக்கறேன். வேற எதுவும் வாங்கி அனுப்பாதே.

ஷெர்லின்


ராயபுரம்,
21 ஜூலை 2024

கண்ணு ஷெர்லினுக்கு,

கொண்டைக்கடலையா? அதைத் தின்றுவிட்டு மற்ற பிள்ளைகள் டப்பாவைக் கலக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாயா? உன் அக்கா இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

கேள். மூன்று ஞாயிறு இதற்காகவே அலைந்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் எடுத்ததும் மாஸ் கெயினரைத்தான் கையில் கொடுத்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், முதல் பேரே மாவு. "தம்பி, இது மாவு. மாவு என் வூட்டுலயே கீது" என்றேன். பையன் முழித்தான். வண்ணாரப்பேட்டையில் பாக்கெட்டில் வருவது மலிவாக இருந்தது, புரோட்டீனும் சரியாக இருந்தது, ஆனால் நீ சொன்ன முத்திரை இல்லை. முத்திரை போட்டதன் விலையைக் கேட்டேன். என் பாதி மாசச் சம்பளம். டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கடைசியில் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடிக் கடையில் அதே கம்பெனி, அதே முத்திரை, கட்டுப்படியாகிற விலைக்குக் கிடைத்தது. "பில் வாணாம்னா குறைச்சுத் தரேன்க்கா, வரி மிச்சம்" என்றான். எனக்குப் பில் எதற்கு? சீல் இருக்கிறதா என்று பார்த்தேன், தேதி பார்த்தேன், லைசென்ஸ் நம்பர் பார்த்தேன். மூடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, உள்ளே இருக்கிற நம்பரை டப்பாவில் போட்டிருக்கிற போன் நம்பருக்கு அனுப்பினால் அசலா போலியா என்று மெசேஜ் வருமாம். கடையிலேயே நின்று அனுப்பினேன். 'அசல்' என்று வந்ததைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெண்டு டப்பா வாங்கிவிட்டேன்.

உடைக்காமல் அப்படியே அனுப்புகிறேன். குடித்துவிட்டுத் தெம்பாக இரு.

அக்கா,
பெனிஷா


பஞ்சாப்,
15 செப்டம்பர் 2024

அக்கா அக்கா அக்கா,

ஸ்னாட்ச் 84! ஊர்ல இருந்து வரும்போது 78-தான் தூக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு 84 கிலோ தலைக்கு மேல நின்னுச்சு, கை ஆடவே இல்ல. கோச் யாரையும் பாராட்ட மாட்டார், இன்னைக்குக் கை தட்டினார். "ராயபுரத்துல உனக்கு என்னதான் குடுத்து வளத்தாங்க"ன்னு இந்தியில கேட்டார். எங்கக்கான்னு சொன்னேன்.

உன் பவுடர்தான் காரணம். ரெண்டாவது டப்பாவும் முடியப் போகுது. காலையில எழுந்தா உடம்பு வலியே இல்ல, இன்னும் தூக்கு தூக்குன்னு சொல்லுது. முகம் முழுக்கப் பருதான் வந்திருக்கு, மாசமும் தள்ளிப் போகுது, இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலபோல. அதெல்லாம் பெருசில்ல. அடுத்த மாசம் நேஷனல்ஸ். மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்து.

உன் ஷெர்லி


பஞ்சாப்,
21 நவம்பர் 2024

அக்கா,

இதைப் போன்ல சொல்ல வாய் வரல. அதான் எழுதறேன்.

வெள்ளி மெடல் வாங்கின அன்னைக்கு கோச் போன்ல உன்கிட்ட கத்தினேனே, அதுக்கு அப்புறம் என் மூத்திரத்தை ரெண்டு பாட்டில்ல எடுத்தாங்க. எல்லாருக்கும் எடுக்கறதுதான். அதோட ரிசல்ட் வந்திருக்கு. ஸ்டீராய்டு இருக்காம். பேரை வாசிக்கக்கூட எனக்குத் தெரியல. நான் ஊசி போட்டுக்கல, மாத்திரை சாப்பிடல. காய்ச்சலுக்குக்கூட மாத்திரை வேணாம்னு படுத்துக் கிடந்தேன். அந்தப் பவுடரைத் தவிர வெளியில இருந்து எதுவுமே என் வாய்க்குள்ள போகல.

போலி டப்பால சில பேர் இதைக் கலந்துடறாங்களாம். குடிச்சவங்களுக்கு உடனே தெம்பு வரும், மறுபடி மறுபடி வாங்குவாங்கன்னு. பருவும் மாசம் தள்ளினதும் அதனாலதானாம்.

மெடலைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. நாலு வருஷம் தடை. பவுடர்லதான் இருந்துச்சுன்னு நிரூபிச்சா குறையும். அதுக்குக் கடை பில் வேணும், அதே பேட்ச்ல சீல் உடைக்காத டப்பா வேணும். நான் குடிச்ச டப்பா செல்லாது. நானே கலந்திருப்பேன்னு சொல்வாங்களாம். நிரூபிக்க முடியலன்னா, தப்புன்னு இருபது நாளுக்குள்ள ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா ஒரு வருஷம் குறைச்சு மூணு வருஷம்.

பில் இருக்காக்கா? இல்லன்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன்.

ஷெர்லின்


ராயபுரம்,
3 டிசம்பர் 2024

என் கண்ணே ஷெர்லின்,

கையெழுத்துப் போடாதே. எதிலும் போடாதே. நான் கண்டுபிடிக்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் கொட்டகைக்கு மீன் ஏற்றி வருகிற கமாலுதீன் பாயின் வேனிலேயே பாரிமுனைக்கு ஓடினேன். அந்த மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். "இன்னா பவுடர்? இங்க அப்டி ஒரு கடையே இல்லக்கா" என்கிறான் ஒருத்தன். பாய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். கீழே ஜூஸ் கடைக்காரர்தான் விலக்கிவிட்டு, "காலி பண்ணிக்கினு போய் ரெண்டு மாசம் ஆவுதும்மா" என்றார். பெயரும் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. எனக்கு வந்த 'அசல்' மெசேஜின் நம்பருக்குக் கூப்பிட்டேன், உபயோகத்தில் இல்லை. உனக்கு அனுப்பும் முன் டப்பாவைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைப் பார்த்துக் கம்பெனிக்கும் போன் செய்தேன். அந்த பேட்ச் நம்பரில் அவர்கள் எதுவும் தயாரிக்கவே இல்லையாம். முத்திரை, சீல், சுரண்டும் நம்பர் எல்லாவற்றையும் எவனோ அப்படியே அச்சடித்திருக்கிறான்.

போலீஸ் ஸ்டேஷனில் பில் கேட்டார்கள். செல்வநாதன் சார் வக்கீலைப் பார்க்கலாம் என்கிறார். மூலக்கொத்தளத்தில் இருந்து மணலி வரைக்கும் பவுடர் விற்கிற ஒரு கடை விடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். அதே டப்பா ஒன்றாவது எங்காவது உடைக்காமல் இருக்கும். நீ செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுக்காதே. ஒருதரம் எழுதிக் கொடுத்துவிட்டால் ஜென்மத்துக்கும் அதுதான் உன் பேர். கொஞ்சம் பொறு. அக்கா உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பெனிஷா


பஞ்சாப்,
12 டிசம்பர் 2024

அக்கா,

கையெழுத்துப் போட்டுட்டேன். கடைசி நாள் முடிஞ்ச மறுநாள்தான் உன் லெட்டர் வந்துச்சு. முன்னாடி வந்திருந்தாலும் போட்டிருப்பேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயில். ஸ்டேஷனுக்கு யாரையும் கூட்டிட்டு வராதே.

ஷெர்லின்


ராயபுரம்,
2 பிப்ரவரி 2025

என் தங்கம் ஷெர்லினுக்கு,

உன் விலாசத்தைச் செல்வநாதன் சாரிடம் கெஞ்சி வாங்கினேன். போன்தான் உன் கையில் இருக்கிறதே, எடுத்தால் என்ன? திருப்பூர் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் தண்ணீர் சரியாக வருகிறதா, எத்தனை பேர் ஒரு அறைக்கு, எதுவும் தெரியாமல் நான் எப்படி இருப்பது?

கிறிஸ்துமஸ் முடிந்து நான் கொட்டகைக்குப் போன நேரம் பார்த்துப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாயே. சொல்லிவிட்டுப் போயிருந்தால் தடுத்திருக்க மாட்டேன். தடுத்திருப்பேன், பொய் எதற்கு. இருந்த நாளெல்லாம் நீ சரியாகச் சாப்பிடவே இல்லை. உனக்குப் பிடிக்குமே என்று நெத்திலி வறுத்தேன், வஞ்சிரம் வாங்கினேன். தட்டைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். துக்கத்தில் இருக்கிறாய், தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். தெருவில் ஒருத்தி "ஊசி போட்டுத்தான் தூக்குச்சாம்" என்றாள், அவளோடு சண்டை போட்டேன். அது உன் காதில் விழுந்துவிட்டதா? அதனால்தான் போனாயா?

மூன்று வருஷம் ஓடிவிடும். உனக்கு இருபத்திமூன்றுதான் ஆகும். மறுபடி தூக்கலாம் என்று சார் சொல்கிறார்.

இதோடு கருவாட்டுப் பொடி வறுத்து அனுப்பியிருக்கிறேன். ஹாஸ்டல் சோற்றில் போட்டுச் சாப்பிடு. ஒரே ஒரு தடவை போனை எடுடி. திட்டுவதற்காவது எடு.

அக்கா,
பெனிஷா


திருப்பூர்,
1 மார்ச் 2025

அக்காவுக்கு,

தெருவுல யாரோ பேசினதுக்காக நான் போகல. உன்மேல கோபமும் இல்ல. நீ பின்னாடி திருப்பிப் பார்த்தே, முத்திரை பார்த்தே, நம்பர் அனுப்பினே. நானே நின்னு வாங்கியிருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். இதை நம்பு.

ஆனா நீ தட்டை வச்சதும், இதுல என்ன இருக்கும்னு என் கை தானா கிளறுச்சு. நெத்திலியை வாசனை பார்த்தேன். நீ அடுப்புப் பக்கம் திரும்பினதும் வாயில இருந்ததைக் கையில துப்பினேன். நீ என்னைப் பெத்தவ மாதிரி. உன் கையால போட்ட சோத்தை நான் துப்பினேன்க்கா. இன்னும் நாலு நாள் இருந்திருந்தா நீ அதைப் பார்த்திருப்பே. அதான் போனேன். இங்க நூறு பேருக்கு ஒண்ணா வடிக்கற சோறு. அதை யாரும் எனக்காகச் செய்யல. அது இறங்குது.

சார் மறுபடி தூக்கலாம்னு சொல்றார். எதைத் தூக்க? அந்த 84 என்னோடதா, அந்த மருந்தோடதான்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷமும் என்னோடது இல்லன்னு ஆயிடுச்சு. அதுக்கு முந்தி தூக்கினதைக்கூட இப்ப நம்ப முடியல. கையெழுத்துப் போட்டப்ப எனக்கு அழுகை வரல. யாரோ ஒருத்தியைப் பத்தி எழுதியிருந்துச்சு, நான் கையெழுத்துப் போட்டேன், அவ்ளோதான்.

பார்சலை வாங்காம திருப்பி அனுப்பிட்டேன். உன் குரலைக் கேட்டா, "சாப்ட்டியா"ன்னுதான் முதல்ல கேப்பே. அதுக்குப் பதில் சொல்ல என்னால முடியல. கொஞ்ச காலத்துக்கு எழுதாதே. எவ்ளோ காலம்னு கேக்காதே.

ஷெர்லின்


ராயபுரம்,
16 மார்ச் 2025

ஷெர்லினுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறேன்.

பார்சல் வந்து சேர்ந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. ரெண்டு நாள் அதைத் தொடவில்லை. நேற்று கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டேன். சோறு வடித்து, கட்டைப் பிரித்து, அந்தப் பொடியைப் போட்டுப் பிசைந்து நானே சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இன்றைக்குக் காலையிலும் அதைத்தான் சாப்பிட்டேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லைடி.

பெனிஷா